பூக்களைப் படிக்கிறவர்

“இன்னொரு தடவை உதறுங்க மேடம். நடுவுல, கலர் படம் இருக்கிற எடத்துல நல்லா விரிச்சு உதறுங்க.”

பத்தடி தள்ளி, செய்தித்தாள் மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டு சொல்கிறார். மூக்கின் மேல் மடித்த கைக்குட்டை. நான் புத்தகத்தின் இரண்டு அட்டைகளையும் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு, துவைத்த துணியை உதறுவதுபோல உதறுகிறேன். முதல் உதறலில் ஒரு பழைய பேருந்துச் சீட்டு விழுகிறது. இரண்டாவதில் ஒரு கொண்டை ஊசி. மூன்றாவதில், டீக்கறை நிறத்தில் காய்ந்து தட்டையாகிப்போன ஒரு பூ மெதுவாக இறங்கி வந்து மேஜைமேல் உட்காருகிறது.

“விழுந்துச்சா?”

“விழுந்துச்சு.”

“எத்தனை இதழ்?”

“அஞ்சு. நடுவுல லேசா மஞ்சள்.”

“காம்புல பூனை முடி மாதிரி இருக்கா பாருங்க.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்க்கிறேன். இருக்கிறது.

“ப்ரிம்ரோஸ்” என்கிறார் கைக்குட்டைக்குள்ளிருந்து. “பூத்த முதல் வாரத்துலயே பறிச்சு வச்சிருக்காங்க. லேட்டாப் பறிச்சிருந்தா மஞ்சள் தங்காது. கொஞ்சம் குப்பையில போட்டுட்டுக் கையக் கழுவிட்டு வந்துடறீங்களா?”

தோட்டப் புத்தகங்களை எடுத்துப்போகிறவர்களுக்கு இப்படி ஒரு பழக்கம். எந்தப் பூவைப் பற்றிப் படித்தார்களோ அதே பூவை அந்தப் பக்கத்தில் வைத்து நசுக்கிவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார்கள். மற்றவர்களுக்கு அது ஒரு சின்ன சந்தோஷம். இவருக்கு அது கட்டிப்போட்ட பாம்பு. ஒருமுறை, முப்பத்தேழாம் பக்கத்திலிருந்த ஒரு காய்ந்த பூவைக் கவனிக்காமல் திறந்துவிட்டார். அன்று மூச்சு முட்டிப்போன அவரை எங்கள் வாசிப்பு அறையிலிருந்து நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம்.

வயது ஐம்பத்தெட்டு. ஊரிலேயே பெரிய மருத்துவமனையில் லிஃப்ட் மெக்கானிக். ஏழு லிஃப்ட்டுகள் அவர் பொறுப்பு. நெட்டையான உடம்பு, மோட்டார் அறையின் தாழ்ந்த கூரைக்குக் குனிந்து குனிந்து கழுத்து கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது. நக ஓரங்களில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத கிரீஸ். அந்தக் கை பட்டுப் பக்கம் அழுக்காகிவிடக்கூடாது என்று, எடுத்துப்போகிற ஒவ்வொரு புத்தகத்துக்கும் பழுப்புத் தாளில் அட்டை போட்டு, பக்கம் திருப்பத் தனியாக ஒரு ஐஸ்க்ரீம் குச்சி வைத்திருக்கிறார். நூலகத்தில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ‘தோட்டக்காரர்’. அவருக்கும் அது தெரியும். “தோட்டக்காரர் வந்துட்டேன்” என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே வருவார்.

எங்களிடம் தோட்டம், பூ, விதை, வசந்தம் என்று மொத்தம் அறுபத்து மூன்று புத்தகங்கள் இருக்கின்றன. அத்தனையும் படித்தாயிற்று. சிலவற்றை ஏழெட்டு முறை. ஆனால் அவர் படிக்கிற விதமே தனி. மாதவாரியாக எழுதிய புத்தகமென்றால், அந்தந்த மாதத்துக்கான அத்தியாயத்தை அந்தந்த மாதத்தில்தான் படிப்பார். ஒரு புத்தகத்தை முடிக்க ஒரு வருடம்.

“ஒரே மூச்சுல படிச்சா என்ன?” என்று கேட்டேன்.

“விதையைப் போட்டுட்டு மறுநாளே போயி நோண்டிப் பாக்குற மாதிரி இருக்கும் மேடம்” என்றார். “அது பாட்டுக்கு வரட்டும்.”

ஆகவே வசந்த காலத்து அத்தியாயங்களை அவர் வசந்த காலத்தில்தான் படிக்கிறார். வெளியே எல்லா மரமும் எல்லாச் செடியும் பூத்துத் தள்ளிக்கொண்டிருக்கும்போது, மொட்டை மாடியின் மோட்டார் அறையில், கதவை இறுக்கிச் சாத்தி, கதவிடுக்கில் பழைய துணியைத் திணித்துவிட்டு, வெளியே என்ன நடக்கிறது என்பதைப் புத்தகத்தில் பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பாட்டு நேரம் முக்கால் மணி. அதில் பத்து நிமிடம் சாப்பாடு.

ஒருமுறை ஒரு பெரிய படப் புத்தகத்தில் ஏதோ ஒரு மலைப்பூவின் படம் தலைகீழாக அச்சாகியிருக்கிறது என்று என்னிடம் காட்டினார். தொங்க வேண்டிய பூ நிமிர்ந்து நிற்கிறதாம். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தது. சும்மா இருக்கட்டும் என்று பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் போட்டேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது: அச்சுப் பிழைதான், பதினான்கு வருடமாக யாரும் சொல்லவில்லை, இதைக் கண்டுபிடித்த அறிஞர் எந்தத் தாவரவியல் பூங்காவில் பணிபுரிகிறார் என்று தெரிந்துகொள்ள ஆவல். நான் படித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.

“ஏழு லிஃப்ட்டுன்னு எழுதிடுங்க” என்றார்.

ஒன்பது வயதில், பள்ளியிலிருந்து பூந்தோட்டம் பார்க்க அழைத்துப் போனார்களாம். பையன்களெல்லாம் ஓடியிருக்கிறார்கள். இவர் நடுவழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், கண் திறந்தது ஆஸ்பத்திரியில். அதற்குப் பிறகு தோட்டம் என்று சொல்லக்கூடிய எதற்குள்ளும் கால் வைத்ததில்லை. சட்டைப் பையில் எப்போதும் மூச்சு மருந்து.

அப்படியென்றால் எதற்கு ஐயா இந்தப் புத்தகங்கள் என்று நான் கேட்டது, பழக்கமாகி ஆறு வருடம் கழித்துத்தான். அன்று நல்ல மழை. நூலகத்தில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. மழை பெய்தால் காற்றில் மகரந்தம் பறக்காது என்பதால், மழை நாளில் அவர் கைக்குட்டையைப் பைக்குள் வைத்துவிட்டு மனிதனைப் போலப் பேசுவார்.

“எங்க வீட்டம்மாவுக்காக ஆரம்பிச்சது” என்றார்.

வீட்டம்மா தையல் வேலை செய்கிறவர். கல்யாணத்துக்கு முன்னால் அந்த அம்மாள் இருந்த வீட்டு மாடியில் பதினொரு தொட்டிகள் இருந்தனவாம். நிச்சயமான மறுவாரம் இவர் பார்க்கப் போயிருக்கிறார். படியேறும்போதே மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த முறை போனபோது மாடியில் வட்டம் வட்டமாகப் பதினொரு ஈரத் தடங்கள்தான் இருந்தன. தொட்டிகளெல்லாம் அக்கம்பக்கத்துக்குப் போய்விட்டன.

“ஏன் குடுத்தேன்னு நான் கேக்கல. குடுத்துட்டேன்னு அவளும் சொல்லல. அதப் பத்தி இன்னைக்கு வரைக்கும் ஒரு பேச்சு கெடையாது. ஆனா எனக்கு மனசுல குத்திக்கிட்டே இருந்துச்சு மேடம். அவ என்னத்தக் குடுத்தான்னாச்சும் நான் தெரிஞ்சுக்க வேணாமா? அதான் ஒரு புத்தகத்த எடுத்தேன்.”

ஒன்று அறுபத்து மூன்றாகிவிட்டது. வீட்டில் அந்த அம்மாள் தைப்பார். இவர் எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்து வாசிப்பார். “மெஷின் ஓடிக்கிட்டே இருந்தா அந்தப் பக்கம் சுமார்னு அர்த்தம். சத்தம் நின்னா நல்லா இருக்குன்னு அர்த்தம். நின்ன எடத்தையெல்லாம் பென்சில்ல சின்னதா ஒரு புள்ளி வச்சுருவேன்.” நூலகப் புத்தகத்தில் பென்சில் புள்ளி வைப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கடுத்த கோடையின் கடைசியில், ஒரு மத்தியான நேரம், பாதி வாக்கியத்தில் மெஷின் சத்தம் நின்றது. இவர் சந்தோஷமாகப் புள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது, அந்த அம்மாள் துணியின் மேல் சாய்ந்துகிடந்தார்.

பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போய்விட்டன. உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லவே ஆறு நாளாயிற்று. பிறகு அவர் வேலைபார்க்கும் மருத்துவமனையிலேயே, தரைத்தளத்தில், நீண்டகால நோயாளிகளுக்கான பெண்கள் வார்டில் இடம் கொடுத்தார்கள். தினமும் பயிற்சி தரவேண்டும், அடுத்த கோடை வரைகூட ஆகலாம் என்றார்கள். வேறு ஊரில் வேலையிலிருக்கும் மகள் மூன்று வாரம் வந்து இருந்துவிட்டுப் போனாள்.

புதன்கிழமைகளில் எங்கள் நூலகத்தின் புத்தக வண்டியை அந்த மருத்துவமனையின் வார்டுகளில் தள்ளிக்கொண்டு போவது என் வேலை. அதனால் இனி நான் சொல்வதெல்லாம் பெரும்பாலும் கண்ணால் பார்த்தது.

எட்டுக் கட்டில் போட்ட வார்டு. நான்காவது கட்டில் அவர் மனைவியுடையது. சாப்பாட்டு நேரத்தில் மோட்டார் அறைக்குப் போகாமல் இங்கே வந்துவிடுவார். அதே முக்காலி, அதே பழுப்பு அட்டை, அதே ஐஸ்க்ரீம் குச்சி. இலையுதிர் கால அத்தியாயங்களை வாசிப்பார். புள்ளி வைக்க மெஷின் சத்தம் இல்லை. அதனால் அந்த அம்மாளின் இடது கைச் சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டே வாசிப்பார். அது அசைந்தால் ஒரு புள்ளி. இரண்டாவது வாரத்திலேயே வார்டு முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்துவிட்டது. ஆறாம் கட்டிலில் இடுப்பெலும்பு உடைந்து கிடந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, ஒரு நாள் லிஃப்ட் கோளாறால் அவர் வராமல்போனதற்கு மறுநாள் கண்டித்தே விட்டார்.

“முந்தாநாள் வாசிச்சீங்களே, அந்த நாத்தை எடுத்து வெளியில வச்சாங்களா இல்லையா? அதைச் சொல்லாம நேத்து உங்க பாட்டுக்கு வராம இருந்துட்டீங்க. ராத்திரியெல்லாம் எனக்கு அதே நெனப்பு.”

வார்டின் தலைமை நர்ஸ் கறாரான பெண். எல்லோரும் ‘பெரிய சிஸ்டர்’ என்பார்கள். ஒரு நாள் வாசிப்பு முடிந்ததும் ஜன்னலைக் காட்டினார். வெளியே நாலு பக்கமும் கட்டிடம் சூழ்ந்த ஒரு முற்றம். உடைந்த கட்டில்கள், சக்கரம் போன ஸ்ட்ரெச்சர்கள், பழைய கொதிகலன் ஒன்று.

“அண்ணே, நீங்க வாசிக்கிறது ரொம்ப நல்லா இருக்கு. ஆனா நீங்க போனதும் இவங்க திரும்பிப் பாக்குறது இந்தத் துருப்பிடிச்ச கட்டிலைத்தான். அங்க நாலு செடி வைக்கிற மாதிரி ஏதாவது எழுதிக் குடுங்களேன். நான் ஆபீஸ்ல பேசி அனுமதி வாங்கறேன்.”

அவர் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். பெரிய சிஸ்டரே தொடர்ந்தார். “ஆனா ஒண்ணு. வசந்தம் வந்துட்டா காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஜன்னலத் திறந்துதான் வைப்பேன். இவங்களுக்கெல்லாம் காத்து வேணும். அப்போ நீங்க உள்ள வர முடியாது. யோசிச்சுக்குங்க.”

“ம்” என்றார்.

அடுத்த புதன்கிழமை நான் போனபோது பழைய கட்டில்களை அப்புறப்படுத்தியிருந்தார்கள். இவர் மூன்றாம் மாடி ஜன்னலில் நின்றுகொண்டு கீழே இருந்த கொதிகலன் அறை ஊழியரிடம் கத்திக்கொண்டிருந்தார். அந்த ஊழியர் கையில் சாக்பீஸ். நிழல் எங்கே விழுகிறதோ அங்கே மணிக்கொரு கோடு. நான்கு நாள் இதே வேலை.

“இப்ப விழுற நிழலை வச்சு வசந்தத்துக்கு எப்படிக் கணக்குப் போடுவீங்க?” என்று கேட்டேன்.

“சூரியன் இப்ப எந்த வழியா எறங்குதோ அதே வழியாத்தான் ஏறி வரும் மேடம். எறங்கும்போது எந்த மாடியில நின்னுச்சோ, ஏறும்போதும் அங்கதான் நிக்கும்.” லிஃப்ட்காரர் பதில்.

பதினாறு பக்கத்தில் திட்டம் எழுதினார். எந்தச் சதுரத்தில் எந்தப் பூக்கிழங்கு, எத்தனை விரல் ஆழம், எது முதலில் வரும், எது வாடும்போது எது அதை மறைத்துக்கொண்டு எழும்பும், எல்லாம் அதில் இருந்தது. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. மண்ணையே தொடாத ஒரு மனிதன் முப்பது வருடம் படித்ததெல்லாம் எங்கே போய்ச் சேர்கிறதோ என்று நான் நினைத்ததுண்டு. ஒரு வரிகூட எங்கும் போயிருக்கவில்லை.

அதிலுள்ள பூக்களை மட்டும் மனைவி சரி என்ற பிறகுதான் உறுதிசெய்வேன் என்று வைத்திருந்தார். பெரிய படப் புத்தகத்தை அந்த அம்மாளின் மடியில் விரித்து ஒவ்வொன்றாகக் காட்டினார். வேண்டுமென்றால் அந்த அம்மாள் தலையசைப்பார். வேண்டாமென்றால் கண்ணை மூடிக்கொள்வார். குரோக்கஸ், சரி. டியூலிப், சரி. பான்சி, சரி. பிறகு ஹயசிந்த் வந்தது. ஒரே காம்பில் மணிமணியாக நீலக் கொத்து. ஒரு தொட்டி இருந்தால் தெருமுனை வரை வாசனை வருமாம். அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த பக்கம் நர்சிசஸ். கண் மூடியே இருந்தது. அடுத்து, வேலியில் படரும் ஒரு வாசனைக் கொடி. அதற்கும் திறக்கவில்லை.

அவருக்கு விளங்கிவிட்டது. தனக்கு மூச்சு முட்டவைக்கிற ஒவ்வொன்றையும் அந்த அம்மாள் கழித்துக்கொண்டு வருகிறார். முப்பது வருடம் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு எது எது என்று தெரியாதா!

“கண்ணைத் திற” என்றார்.

திறக்கவில்லை.

“திறன்னு சொல்றேன்ல. உன் மாடியில பதினொரு தொட்டி இருந்துச்சு. அதுல நாலு ஹயசிந்த். படியில உக்காந்து நான் எண்ணிட்டுத்தான் வந்தேன். ஒனக்குப் பிடிக்காதுன்னு இப்போ என்கிட்டயே கதை விடுறியா?”

அந்த அம்மாள் கண்ணைத் திறந்தார். இடது கையால் புத்தகத்தை மூடினார். அவர் திறந்தார். மறுபடி மூடினார். ஒற்றைக் கையால் அவ்வளவு பெரிய புத்தகத்தை மூடுவது லேசல்ல, நெற்றியில் வேர்த்துவிட்டது. அவர் மூன்றாவது முறை திறந்து, பக்கத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு முதன்முறையாகக் குச்சியில்லாமல், கிரீஸ் கையோடு.

“நீ எனக்காக மூக்கை மூடிக்கிட்டது போதும். முப்பது வருஷமாச்சு. வீட்டுல ஒரு பூ கெடையாது, தலையில ஒரு பூ கெடையாது, சோப்புகூட வாசனையில்லாத சோப்பு. நான் கேட்டனா? ஒரு நாளாச்சும் கேட்டனா? இப்ப கேக்குறேன். எனக்குப் பிடிச்சது வேணாம். ஒனக்கு எது வேணும்?”

குரல் உயர்ந்துவிட்டது. அந்த அம்மாள் அவரை முறைத்துப் பார்த்தபடி இருந்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. பார்வை மட்டும் இறங்கவில்லை. கடைசியில் ஆறாம் கட்டில் ஆசிரியைதான் வாயைத் திறந்தார்.

“விட்டுக்குடும்மா. மனுஷனுக்கு இன்னைக்குத்தான் கோவப்படவே தெரிஞ்சிருக்கு.”

அந்த அம்மாளின் வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போயிற்று. அது சிரிப்பு என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரமாயிற்று. பிறகு இடது கைச் சுண்டுவிரல் மெதுவாக நகர்ந்து, நீலக் கொத்தின்மேல் போய் நின்றது.

நடுகிற வேலை இலையுதிர் காலத்தின் கடைசி வாரத்தில். ஊரில் ஒரு பூ இல்லை, காற்று சுத்தமாக இருந்தது. அதனால் அவரே முற்றத்தில் இறங்கினார். கொதிகலன் ஊழியர் மண்வெட்டியைக் கொடுத்தார். ஒரு வெட்டு வெட்டி, மண்ணை அள்ளி, அப்படியே நின்றுவிட்டார்.

“என்ன மச்சான்?” என்றார் ஊழியர்.

“ஒருத்தரும் எழுதலையே” என்றார் இவர். “இவ்வளவு கனமா இருக்கும்னு ஒரு புத்தகத்துலகூட இல்லையே.”

முதல் கிழங்கைக் குழியில் வைத்ததும் ஊழியர் விழுந்து விழுந்து சிரித்தார். தலைகீழாக வைத்திருந்தார். புத்தகத்தில் ஆயிரம் முறை பார்த்த மேல்பக்கம், கையில் எடுத்தபோது எது என்று தெரியவில்லை. காதெல்லாம் சிவந்துபோய் எடுத்துத் திருப்பி வைத்தார். அதற்குப் பிறகு இருநூற்று முப்பது கிழங்குகளில் ஒன்றுகூடத் தப்பவில்லை. ஹயசிந்த்களை நான்காம் கட்டிலின் ஜன்னலுக்கு நேர் கீழே, தன் கையாலேயே வைத்தார். திட்டத் தாளில் அவை வேறு மூலையில், கொஞ்சம் தள்ளி இருந்தன.

குளிர்காலம் முழுக்க முற்றத்தில் வெறும் கறுப்பு மண். பூக்கும் வரிசையை ஒரு தாளில் எழுதி வார்டுச் சுவரில் ஒட்டியிருந்தார். முதல் வாரம், கிழக்கு மூலை, மஞ்சள் குரோக்கஸ். இரண்டாம் வாரம், அதற்கடுத்த வரிசையில் ஊதா. இப்படிப் பத்து வாரம். அந்தத் தாளுக்குக் காவல் ஆசிரியை. அவர் காதில் எப்போதும் ஒரு பென்சில்.

வசந்தம் தொடங்கியது. ஊரில் மரங்கள் துளிர்த்தன. பெரிய சிஸ்டர் சொன்ன சொல் தவறாமல் ஜன்னல்களைத் திறந்தார். கடைசியாக வந்த நாளில் அவர் மனைவியிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. முக்காலியைக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்துவிட்டுப் போனதை மட்டும் பார்த்தேன். புத்தகத்தை ஆசிரியையிடம் கொடுத்துவிட்டார். இனி வாசிப்பது ஆசிரியை.

முதல் வாரம் போயிற்று. கிழக்கு மூலையில் ஒன்றுமில்லை. நான்காம் நாள், ஐந்தாம் நாள் என்று தள்ளிக்கொண்டே போனது. “எலி தின்னுடுச்சு போலிருக்கு” என்றார் கொதிகலன் ஊழியர். நான் மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தேன். மோட்டார் அறைக் கதவிடுக்கில் துணி திணித்திருந்தது. தட்டியதும் கதவைக் கொஞ்சமாகத் திறந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டார். மடியில் புத்தகம் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.

“ஆழம் தப்பாப் போட்டுட்டேனோ என்னவோ மேடம். நாலு விரல்னு போட்டிருந்துச்சு. யாரு விரல்னு போடல.” தன் நீண்ட விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டார். “என்னைய நம்பி அவ ஜன்னலையே பாத்துக்கிட்டு இருக்கா.”

அடுத்த புதன்கிழமை நான் வார்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. ஆசிரியை ஜன்னல் பக்கம் பார்த்தவர், பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டு, “சிஸ்டர்!” என்று வகுப்பறைக் குரலில் கத்தினார். கிழக்கு மூலை. கறுப்பு மண்ணைக் கீறிக்கொண்டு நெருப்புக்குச்சித் தலை அளவுக்கு மஞ்சள் நிறம். ஒன்று, பக்கத்தில் இன்னொன்று, பார்க்கப் பார்க்கப் பதினாறு. வாழ்நாளில் பாதியைப் புத்தக அடுக்குகளுக்கு நடுவில் கழித்தவள் நான். அச்சடித்த ஒரு வரி மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே வருவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பெரிய சிஸ்டர் மோட்டார் அறைக்கு ஃபோன் போட்டார். “அண்ணே, வந்துருச்சு.”

“எந்த மூலையில?”

“கிழக்கு. மஞ்சள்.”

அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தத்துக்கு நடுவில் அவர் நாட்களை எண்ணுவது கேட்டது. பிறகு, “ஒம்பது நாள் லேட்டு” என்றார். “ஆசிரியம்மாவ எல்லாத் தேதியையும் ஒம்பது நாள் தள்ளிப் போட்டுக்கச் சொல்லுங்க.”

தள்ளிப் போட்டார்கள். அதன்பிறகு அந்த முற்றம் அந்தத் தாளுக்குக் கீழ்ப்படிந்து நடந்தது. ஊதா வர வேண்டிய நாளில் ஊதா. வெள்ளை வாடத் தொடங்கிய அன்று, அதை மறைத்துக்கொண்டு சிவப்பு. டாக்டர்கள் சுற்றி வரும்போது முதலில் சுவரைப் பார்த்து, பிறகு முற்றத்தைப் பார்த்து, அப்புறம்தான் நோயாளியைப் பார்த்தார்கள். மற்ற மாடிகளிலிருந்து நோயாளிகள் ஜன்னலுக்கு வந்து நின்றார்கள். சரியான நாளில் நீலம் வந்தது. வார்டில் மருந்து வாடையே தெரியாமல் போய்விட்டது. எனக்கு அந்த வாசனையை எழுத வராது. எங்கள் அறுபத்து மூன்று புத்தகங்களிலும் யாருக்கும் வரவில்லை.

அந்த வாசனை வந்த மூன்றாம் நாள், அந்த அம்மாள் பெரிய சிஸ்டரைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். ஏழு மாதத்தில் வாயிலிருந்து சில ஒலிகள் மட்டும் வந்திருந்தன. அன்று உதட்டைக் கோணி, இழுத்து, வியர்த்து, ஒரு சொல்லை முழுதாகச் சொன்னார்.

“அவரு.”

முற்றத்தின் எதிர்ப்பக்கச் சுவரில், நான்காம் நம்பர் லிஃப்ட்டுக்குப் போகும் நடைபாதையில், திறக்கவே முடியாத ஒரே பெரிய கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. பெரிய சிஸ்டர் அவரை அங்கே வரச்சொல்லிவிட்டு, அந்த அம்மாளைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். நான் நடைபாதைப் பக்கம் நின்றேன். கருநீலச் சட்டையும் கையில் ஸ்பேனருமாக அவர் வந்தார். ஆறு வாரமாகிறது ஒருவரையொருவர் பார்த்து. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கண்ணாடியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சும்மா பார்த்துக்கொண்டார்கள். “இளைச்சுட்டா” என்று முணுமுணுத்தார். அந்த அம்மாள் எதையோ சொன்னார், கேட்கவில்லை.

பிறகு குனிந்து, பெரிய சிஸ்டர் பறித்துக் கொடுத்த நீலக் கொத்தை இடது கையில் வாங்கினார். முதலில் தன் முகத்தில் வைத்து ஆழமாக முகர்ந்தார். அப்புறம் கையை நீட்டி, அதைக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தார். இதழ்கள் கண்ணாடியில் நசுங்கிப் பரவின.

அவர் ஸ்பேனரைத் தரையில் வைத்தார். நெட்டை உடம்பை வளைத்துக் குனிந்து, பூ அழுந்தியிருந்த அதே இடத்தில், கண்ணாடியின் இந்தப் பக்கம் மூக்கை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, தோள்கள் இரண்டும் மேலேறும் வரை, நிதானமாக ஒரு மூச்சு இழுத்தார்.